திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்

சேர்வராயன் துணை

கரடியூர்,
17.8.2025

அன்புள்ள கௌரிக்கு,

இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே திருப்பூரில் நீயும் ஹரிணியும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் இதைச் சொல்ல நாலு தடவை ஆரம்பித்தேன். நாலு தடவையும் மாத்திரை சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஏனுங்க, ஒரே கேள்வியவே எத்தன தடவ கேப்பீங்க என்று நீகூடச் சிரித்தாய்.

பத்து நாளாக இங்கே விடாத மழை. போன வாரம் இரண்டு காட்டெருமை வந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காப்பிச் செடிகளை மிதித்துவிட்டுப் போயின. வேலியை மறுபடி கட்டினேன். மிளகு இந்த வருஷம் நன்றாகச் சரம் விட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது. ஜீப்புக்கு கிளட்ச் மாற்றினேன். உன் அண்ணன் பிரபாகர் ஹரிணியைப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிற போட்டோவை அனுப்பியிருந்தான். கழுத்து முன்னைவிடக் கொஞ்சம் நிற்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. உனக்கும் அப்படித் தெரிகிறதா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் கேட்டாய், இதுவும் ஹரிணி மாதிரியே ஆயிட்டா என்னங்க பண்றது, என் உடம்புலதான் ஏதோ கோளாறு இருக்குதுங்களா என்று. நான் பேசாமல் இருந்தேன். லைன் போய்விட்டது என்று நீ நினைத்துக்கொண்டாய். லைன் போகவில்லை கௌரி. பதில் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும்.

ஹரிணி வியாழக்கிழமை பிறந்தாள். சனிக்கிழமை மத்தியானம் ஏற்காடு ஆஸ்பத்திரியிலிருந்து நம்மை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ குழந்தையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். நான் பேப்பர் வாங்க உள்ளே போனேன். அங்கே செல்வமேரி என்று ஒரு நர்ஸ் இருந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும், ஒல்லியாக, இருபத்திரண்டு வயது இருக்கும். அண்ணா, பாப்பாவுக்கு மஞ்சள் கொஞ்சம் சீக்கிரமாவே தெரியுது, திங்கட்கிழமை காலைல ரத்தப் பரிசோதனைக்குக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க என்று அவள் சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மஞ்சள் காலுக்கு இறங்கினாலோ திங்கட்கிழமைவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்றாள். ஒரு சீட்டில் எழுதி, தேதியைச் சுற்றி வட்டம் போட்டுக் கையில் கொடுத்தாள். வாசல்வரை வந்தும் சொன்னாள்.

கோடை விழாக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் என் ஜீப்பை ஞாயிறு முதல் நாலு நாளைக்குப் பேசியிருந்தது. அதுவா காரணம் என்றால் அது மட்டும் இல்லை. அத்தனை பேர் முன்னால் ஒரு சின்னப் பெண் எனக்கு உத்தரவு போடுகிறாளே என்று இருந்தது. பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கும், வேலை இல்லாதவர்கள் பயம் காட்டுகிறார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சீட்டை ஜீப்பின் முன் டப்பாவில் போட்டேன். நர்ஸ் என்ன சொன்னாங்க என்று நீ கேட்டாய். காலையிலும் சாயந்தரமும் இளவெயிலில் காட்டச் சொன்னார்கள், தானாகப் போய்விடும் என்று உன்னிடம் சொன்னேன். அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய்.

நீ அதை அப்படியே நம்பினாய். மேகம் விலகுகிற நேரமெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். திங்கட்கிழமை காலையில், ஏனுங்க, பாப்பா பால் குடிக்கவே எந்திரிக்க மாட்டேங்குது, காலெல்லாம் மஞ்சளா இருக்குதுங்க, ஒருக்கா காட்டிட்டு வந்துரலாமா என்று கேட்டாய். நான் சாவியை எடுத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ மூன்று தடவை போன் செய்தாய். அப்போது நான் பள்ளத்தாக்கைப் பார்க்கிற பகோடா பாயின்ட்டில் நின்றிருந்தேன். சிக்னல் கிடைக்கவில்லை என்று அப்புறம் உன்னிடம் சொன்னேனே, அதுவும் பொய். மூன்று அழைப்பையும் பார்த்தேன். அந்தக் குடும்பத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் பேர் வந்ததும் சத்தத்தை அமுக்கினேன்.

நான் வீடு வந்தபோது ஹரிணி முதுகை வில் மாதிரி வளைத்து, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நடந்தது எல்லாம் உனக்கும் தெரியும். சேலத்தில் பெரிய டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். பிறந்த குழந்தைக்கு மூளை இப்படிப் பாதிக்க நாலைந்து காரணம் இருக்கலாம், பிறக்கும்போது மூச்சு முட்டியிருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம், கிருமி ஏறியிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். பிறந்ததும் அழுதாளா என்று கேட்டார்கள், அழுதாள் என்றாய். காய்ச்சல் இருந்ததா என்றார்கள், இல்லை என்றாய். ரத்தப் பரிசோதனை வந்த பிறகு, மஞ்சள் அளவுக்கு மீறி ஏறி மூளைக்குள் போய்விட்டது என்றார்கள். ரத்தத்தையே மாற்றினார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் விளக்கு வெளிச்சத்தில் வைத்தே சரிசெய்திருப்போமே, திரும்ப வரச் சொல்லி அங்கே யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய். யாரும் சொல்லவில்லை என்றேன்.

மறுநாள் வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது, பதினாலாவது வளைவில் ஜீப்பை நிறுத்தி, அந்தச் சீட்டைக் கிழித்துப் பள்ளத்தில் போட்டேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட என் பாவம் உன்னோடும் குழந்தையோடும் நின்றிருக்கும். பிரபாகர் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நியாயம் கேட்டபோது, எல்லாருக்கும் முன்னால் நின்று கத்தியவன் நான்தான். செல்வமேரி அழுதுகொண்டே, சொன்னேங்கண்ணா, உங்க கையிலதான் சீட்டுக் குடுத்தேன் என்றாள். எந்தச் சீட்டு, காட்டு பார்க்கலாம் என்று அவளைக் கேட்டேன். அடுத்த மாசம் அவள் அங்கே வேலையில் இல்லை.

இங்கே அம்மா உன்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். மாசமாக இருந்தபோது பலாப்பழம் தின்றாய், அந்தச் சூடுதான் பிள்ளை தலைக்கு ஏறியது என்றது. மஞ்சள் பூசிக் குளித்ததால் வந்தது என்றது. நீ மஞ்சள் பூசுவதையே விட்டுவிட்டாய். பேர் வைக்கிற வீடுகளுக்குப் போவதையும் விட்டாய். உன்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு மேகலா தன் கைக்குழந்தையை முந்தானையால் மூடினாள் என்று நீ வந்து சொல்லி அழுத அன்றைக்கு, நான் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் மோர் கேட்டேன்.

போன மாசம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலத்துக்கு நாலு பேரை ஏற்றினேன். முன் சீட்டில் குடையோடு ஏறியவள் செல்வமேரி. இறக்கிவிடவும் வழி இல்லை. இப்போது சேலத்தில் ஒரு ரெடிமேட் கடையில் நிற்கிறாளாம். இரண்டு வளைவு இறங்கியதும் அவளே கேட்டாள், அண்ணா, பாப்பா எப்படி இருக்கா என்று. நன்றாக இருக்கிறாள் என்றேன். நடக்கிறாளா என்று கேட்டாள். ம் என்றேன். கௌரி, அந்தப் பெண்ணுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏசப்பா என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், அன்னிக்கு வாசல்ல ஒரே சத்தமா இருந்துச்சு, நான் சொன்னது உங்களுக்குக் கேக்கல போலண்ணா, நான் இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும், மூணு வருஷமா அதையேதான் நினைச்சுட்டிருக்கேன் என்று.

நான் பொய் சொன்னதில் அவள் தன் வாயையே நம்பாமல் போய்விட்டாள்.

சேலத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, வேறு ஆள் ஏற்றாமல் வெறும் வண்டியோடு மலை ஏறினேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டை விசாரித்துப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். நீ சத்தமாகத்தான் சொன்னாய் தாயி, மூன்று தடவை சொன்னாய், எனக்கு நன்றாகக் கேட்டது என்றேன். பாப்பா நடக்கவில்லை, தலை நிற்கவில்லை, காதும் சரியாகக் கேட்காது என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் திரும்பி நடந்தபோது பின்னாலேயே வந்து, அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, இப்போது எட்டு மாசம் என்றேன். உடனே, அழுதுகொண்டே, உன் ரத்த வகை என்ன, என்னுடையது என்ன என்று கேட்டாள். என்னைத் திட்டுவதை விட்டுவிட்டு அவள் அதைக் கேட்டாள்.

அதைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். இதைத் தனியாக எடுத்து உன் டாக்டரிடம் காட்டு. உன் ரத்தம் ஓ, என்னுடையது பி. பிள்ளைக்கு என் வகை வந்தால் மஞ்சள் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஏறலாம். ஹரிணிக்கு அப்படித்தான் ஆனது. சேலத்து டாக்டரம்மா நீ குழந்தையிடம் இருந்த நேரத்தில் இதை என்னிடம் சொன்னார்கள். அடுத்த பிரசவத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறந்த அன்றைக்கே பார்க்க ஆரம்பித்தால் ஒன்றும் ஆகாது என்றார்கள். இதை உன்னிடம் சொன்னால் ஹரிணிக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும் என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் உன் வயிற்றில் இன்னொரு பிள்ளை எட்டு மாசம் வளர்கிறவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. பலாப்பழமும் இல்லை, நீ பூசிய மஞ்சளும் இல்லை. நான்தான்.

ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே இருக்கிற பெரிய டாக்டரிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பிரபாகரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவன் என்னை அடிக்க வந்தால் நான் கை தூக்க மாட்டேன்.

என்னை வரச் சொல்லி எழுது என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து டாக்டர் வரச் சொல்கிற ஒவ்வொரு நாளும் போய்விடு. நான் வேண்டாம் என்று சொன்னாலும் போ. யார் சொன்னாலும் போ. சாமி உன்னையும் இரண்டு குழந்தைகளையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன்னை ஏமாற்றிய,
சென்றாயன்


திருப்பூர்,
8.10.2025

ஹரிணி அப்பாவுக்கு கௌரி எழுதுவது.

இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி காலையில் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. அண்ணன் உங்களுக்குப் போனில் ஆண் பிள்ளை என்று மட்டும் சொன்னதாகச் சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு இன்னும் மனசு வரவில்லை.

உங்கள் கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை. பயிற்சி நிலையத்தில் ஹரிணிக்குக் கை கால் நீட்டிவிடுகிற நேரத்தில் வெளி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அழுகை வரவில்லை. உள்ளே இருந்து கூப்பிட்டார்கள், போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அதனால்தான் ஒன்றரை மாசம் போன் எடுக்கவில்லை. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் வேறு வேறு மாதிரி வந்தது. எல்லாவற்றையும் கிழித்தேன்.

டாக்டரிடம் கடிதத்தையே காட்டினேன். ஓ, பி என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, இதை எழுதியவர் யார் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்றேன். என் பைலில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்கள். பிறந்த அன்றைக்குச் சாயந்தரமே குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மறுநாளே மஞ்சள் ஏறியது. எனக்கு உயிர் போய்விட்டது. நீல விளக்குக்குக் கீழே, கண்ணுக்குத் துணி கட்டி, உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் படுக்கவைத்தார்கள். தையல் வலியோடு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பால் கொடுக்க மட்டும் கையில் தருவார்கள். நாலாம் நாள் நன்றாக இறங்கிவிட்டது. அவ்வளவுதானா என்று அந்த நர்சைக் கேட்டேன். அவ்வளவுதாங்க்கா என்றாள். வெறும் விளக்கு. அங்கேயே உட்கார்ந்து, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கேட்டைத் திறக்கும் முன்பே போய் நின்றேன். வாட்ச்மேன் சிரித்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. அன்றைக்குத் திங்கட்கிழமை நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை நடந்தேன். இது யாருக்கும் தெரியாது. பஸ் வந்து நின்றது. ஏறுறியா கண்ணு என்று கண்டக்டர் கேட்டார். வெயிலில் காட்டினால் போதும் என்று நீங்கள் சொன்னீர்களே, உங்களிடம் கேட்காமல் போனால் உங்களுக்கு என்ன மரியாதை என்று யோசித்தேன். இல்லீங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ் ஏறத் தெரியாதவளா நான்? உங்கள் பொய்யை மன்னிக்க முடியுமா என்று யோசிக்கிற போதெல்லாம் அந்த பஸ் வந்து நிற்கிறது. உங்களுக்கு வெட்கம் இருக்கிற மாதிரி எனக்கும் இருக்கிறது. இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது நான் சொல்கிற பொய் ஆகிவிடும். நமக்கு இனிமேல் பொய் வேண்டாம்.

இரண்டு காரியம் செய்யுங்கள். அத்தையிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். மேகலா வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள். பலாப்பழம் என்று யார் யார் பேசினார்களோ அவர்கள் காதில் எல்லாம் விழட்டும். ஆஸ்பத்திரியில் செல்வமேரிக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று விடாமல் போய்க் கேளுங்கள். ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் போதாது. அந்தப் பெண்ணுக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடுங்கள்.

தம்பிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. நீங்கள் வந்த பிறகு பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு இங்கே வந்துவிடலாம். அண்ணன் கதவைத் திறப்பான், அவனிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம். தம்பி எங்கேயும் போய்விட மாட்டான், அவனை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். ஹரிணிக்குப் பருப்புச் சோற்றை நன்றாக மசித்து வைத்திருப்பேன். அவளைச் சாய்த்து உட்காரவைத்து, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, கால் கரண்டி கால் கரண்டியாகக் கொடுக்க வேண்டும். பாதி வெளியே வந்துவிடும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும். அவள் விழுங்குகிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்து போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
கௌரி